சார், கார் ரோசாக்கா?

என் தங்கை மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். போன நவம்பரில் மயோர்க்காவுக்குச் சைக்கிளோடு விடுமுறைக்குப் போய்வந்தான், தனியாக. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான மத்திய தரைக்கடல் தீவு அது. கோடையில் அங்கே காலை வைக்க இடமிருக்காதாம். நவம்பரில் கடற்கரை விடுதிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ள, சாலையெல்லாம் சைக்கிள்காரனுக்கே.

திரும்பி வந்ததும் எனக்குப் போன் போட்டான். மலையைப் பற்றிச் சொன்னான், ஆரஞ்சுத் தோப்பைப் பற்றிச் சொன்னான். சா கலோப்ரா என்ற இடத்துக்கு இறங்கும் சாலையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் சொன்னான். 1930களின் தொடக்கத்தில் அந்தோனியோ பாரியெத்தி என்ற பொறியாளர் போட்டது. பத்துக் கிலோமீட்டருக்குள் 26 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை வட்டமடித்துத் தனக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னான்: "நாள் முழுக்க ஒருத்தர்கூட எங்கிட்டப் பேசல மாமா. சொர்க்கம்!"

மலையும் வளைவும் எனக்கு மறந்துவிட்டன. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் போகவில்லை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை வகுப்பு நிறைய வாய்கள். ஓய்வுக்குப் பிறகு கோயில் கமிட்டி, கல்யாண வீடு, சங்கக் கூட்டம், எல்லாவற்றுக்கும் தனித்தனி வாட்சாப் குழு. ஒரு பகல் முழுக்க ஒருவரும் என்னிடம் பேசாமல் இருக்கும் ஊர் உலகத்தில் உண்டு என்பதே எனக்குச் செய்தி.

மயோர்க்காவுக்கு டிக்கெட் போடும் அளவுக்கு என் பென்சன் வளரவில்லை. ஆனால் தீவுக்குத்தானே போக வேண்டும்? கெடாவில் தீவு என்றதும் எல்லாரும் லங்காவி என்பார்கள். நான் சொல்வது குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரம். சுங்கைப் பட்டாணியில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் வடக்கே தெரியும் மலை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தில் இந்த மலையைச் சுற்றிக் கடல்தான் இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கெடாவின் பழங்கதை நூலான ஹிக்காயாட் மேரோங் மகாவங்சாவும் இதை புலாவ் செராய் என்று தீவாகவே சொல்கிறது. பிறகு கடல் பின்வாங்கியது, வண்டல் படிந்தது, வயல் வந்தது, கித்தாக்காடு வந்தது. மலையின் தெற்கே, மெர்போக் ஆறு கடலில் விழும் இடத்தில் தஞ்சோங் டாவாய் என்ற மீனவர் ஊர். ஆக, தீவு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நான் கொஞ்சம் தாமதமாகப் புறப்படுகிறேன், அவ்வளவே.

அடுத்தது இலையுதிர்காலம். நவம்பரில் எங்கள் பக்கம் உதிர்வது மழைதான். ஆனால் கித்தா மரத்துக்கு மட்டும் அந்த ஐரோப்பியப் பழக்கம் உண்டு. தைப்பூசத்தை ஒட்டி, ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும், இலையைச் சிவக்கவைத்துக் கொட்டும். காடே செம்பும் மஞ்சளுமாக நிற்கும். இந்த நிறத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து ரயில் ஏறுகிறார்கள் என்று பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் லயத்தில் யாரும் அதை அழகு என்று சொல்லிக் கேட்டதில்லை. இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். "இலை விழுது, கடைக்காரன்கிட்டச் சொல்லி வைக்கணும்" என்பார் அம்மா. இலையுதிர்காலத்தைப் பற்றித் தோட்டத்தில் நான் கேட்ட இலக்கியம் அது ஒன்றுதான்.

சைக்கிள் மருமகனுடையது. போன முறை வந்தபோது எங்கள் வீட்டில் விட்டுப்போனான். கூடவே ஓர் அரைக்கால் சட்டை: உடம்போடு ஒட்டும் கறுப்புத் துணி, உட்காரும் இடத்தில் மெத்தை. போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மனைவி ஒரு முறை பார்த்தார். "இதோட வாசலைத் தாண்டாதீங்க" என்றார். சமரசமாக மேலே கைலியைக் கட்டி, சங்கிலியில் சிக்காதபடி மடித்துச் செருகினேன். தலையில் ஹெல்மெட், இடுப்பில் கட்டம்போட்ட கைலி. மயோர்க்காவின் சாலைகளில் இந்த உடுப்பு இதுவரை தென்பட்டிருக்காது.

யாரும் பார்க்கக் கூடாது என்று ஏழு மணிக்கே கிளம்பினேன். ஏழு மணி என்றால் கெடாவில் இருட்டு. சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாகட்டும் என்று 1982 ஜனவரி முதல் தேதியில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. பிப்ரவரியில் ஏழரை மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அந்த இருட்டை நம்பி முதல் முச்சந்தி வரை போனேன். அங்கே ஒரு நாசி லெமாக் கடை. கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவன்.

"சார்! என்ன சார், கார் ரோசாக்கா?"

என் பழைய மாணவன். கார் பழுதாகிவிட்டதா என்று கேட்கிறான். இல்லை, நன்றாக ஓடுகிறது என்றேன். அவன் முகத்தில் குழப்பம் கூடியது. ஓடுகிற காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஒரு மனிதர் ஏன் மிதிக்க வேண்டும்? "எங்க போவணும் சொல்லுங்க சார், நான் ஏத்திட்டுப் போறேன்" என்று பின்சீட்டைத் தட்டினான். ஏறினால் இந்தச் சைக்கிளை என்ன செய்வது என்று கேட்டேன். அதை அவன் யோசித்திருக்கவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்துத் தமிழனுக்குச் சைக்கிள் ஏணியின் கீழ்ப்படி. என் அப்பா இருட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போனார், திரும்பும்போது இரண்டு பக்கமும் பால் தகரம் தொங்கும். ரொட்டிக்காரர், துணிமூட்டைக்காரர், வட்டிக்காரர் எல்லாரும் சைக்கிளில்தான் லயத்துக்கு வந்தார்கள். அதில் வட்டிக்காரர் மட்டும் மணி அடிக்காமல் வருவார். பிறகு ஹோண்டா கப் வந்தது, சைக்கிள் தம்பிக்குப் போனது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது, ஹோண்டா தம்பிக்குப் போனது. சைக்கிளிலிருந்து இறங்குவதற்காகத்தான் எங்கள் தலைமுறை படித்தது. அப்படி இறங்கிய ஒருவன், அதுவும் வாத்தியார், நரைத்த தலையோடு மறுபடி ஏறிப் போனால் ஊர் கலங்காமல் என்ன செய்யும்?

பீடோங் வரை பெரிய சடக்கு. லாரிகள் உரசிக்கொண்டு போயின. இந்தப் பக்கம் சைக்கிளில் வந்த மிகப் பெரிய கூட்டம் 1941 டிசம்பரில் வந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் படையை விரட்டிய ஜப்பானியர், குருண் வழியாகத் தெற்கே மிதித்தார்கள். பின்வாங்கியவர்கள் பாலங்களை உடைத்துப் போட்டார்கள். லாரி நின்றது. சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்துவிட்டார்கள். மலாயாவில் போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் நிறைய விற்றிருந்ததால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் அந்த இரும்புச் சத்தம் கேட்டு எதிரிகள் டாங்கி வருகிறது என்று நடுங்கியதாக சுஜி மசனோபு என்ற ஜப்பானிய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். என் தாத்தாவின் ரேலி சைக்கிளும் அந்தப் படையில் சேர்க்கப்பட்டது. ரசீது தரவில்லை. சைக்கிளோடு விட்டார்களே என்று பாட்டி சாமி கும்பிட்டாராம். ஆளையே சயாம் ரயில் போடக் கொண்டுபோன வீடுகள் அதே லயத்தில் இருந்தன.

பீடோங் வந்தால் ஹார்வர்ட் தோட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. என் பெரியப்பா மகன் அங்கே பிறந்தவர், "நான் ஹார்வர்ட்" என்று சொல்லியே இரண்டு பெண்பார்க்கும் வீடுகளில் மரியாதை வாங்கினார். கெடாவில் இருந்துகொண்டு ஐரோப்பா பார்க்க ஆசைப்படுவதே வீண். ஸ்கார்பரோ தோட்டம் சுங்கைப் பட்டாணியில், டப்ளின் தோட்டம் கூலிம் பக்கம், விக்டோரியாவும் ஹென்ரியெட்டாவும் பாடாங் செராயில். வெள்ளைக்காரத் துரை தன் ஊர் ஏக்கத்தையும் வீட்டுப் பெண்களின் பெயரையும் பலகையில் எழுதிக் கித்தாக்காட்டில் நட்டுவிட்டுப் போனான். ஆனால் பீடோங் ஹார்வர்டுக்குச் சொந்தப் பெருமையும் உண்டு. 1947இல் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பியது இங்கிருந்துதான். துரைமார் அந்த ஆண்டு ஹார்வர்ட் என்ற பேரைக் கேட்டுத் தூக்கம் கெட்டார்கள். அந்தப் பட்டம் அமெரிக்க ஹார்வர்டில் கிடைக்காது.

பீடோங்கில் பசியாற உட்கார்ந்தேன். தோசை வருவதற்குள் கோயில் கமிட்டி நண்பர் வந்துவிட்டார். சைக்கிளைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நேர்த்திக்கடனா சார்?"

"இல்லீங்க. சும்மா தஞ்சோங் டாவாய் வரைக்கும்."

"அங்க எந்தக் கோயிலு?"

"கோயிலுக்கு இல்லீங்க."

"டாக்டர் சொன்னாரா? சுகர் எவ்வளவு?"

சுகர் ஒழுங்காக இருக்கிறது என்றேன். அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, இன்னும் தாழ்ந்த குரலில், "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றார். ஒரு மனிதன் தன் விருப்பத்துக்கு மிதிக்கலாம் என்பதைத் தவிர உலகத்தின் எல்லாக் காரணங்களையும் அவர் ஏற்கத் தயாராக இருந்தார். தோசைக்கும் அவரே காசு கொடுத்தார். நான் தடுத்தபோது, "இருக்கட்டும் சார், இந்த நேரத்துல நீங்க செலவு பண்ணக் கூடாது" என்றார். எந்த நேரத்தில் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

செமிலிங் தாண்டி மெர்போக் போகும் பாதையில்தான் நான் தேடிய இலையுதிர்காலம் இருந்தது. இரண்டு பக்கமும் கித்தாக்காடு, சாலை முழுக்கச் சருகு, மேலே மொட்டைக் கிளை. நிழல் மட்டும் இல்லை. மயோர்க்காவில் இலை விழும்போது குளிருமாம். இங்கே இலை விழுந்ததும் அதுவரை மறைந்திருந்த வெயில் மொத்தமும் தலைக்கு வந்தது. ஆனாலும் கொஞ்ச தூரம் யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாய் வந்தது. சைக்கிளில் போகிறவனுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தேவையில்லை. நாய் துரத்தினால் நம்மவர்களோ சீனர்களோ குடியிருக்கும் இடம், பூனை சாலையில் படுத்துக்கொண்டு வழிவிட மறுத்தால் மலாய்க் கம்பம். இந்த நாய் என்னைக் கம்பத்து எல்லைவரை விரட்டிவந்து பூனையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியது.

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு மேடேறினேன். புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் அங்கே இருக்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் தோண்டியது, 1960இல் அலஸ்டேர் லாம்ப் கல்லைச் சேர்த்து நிறுத்தியது. பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. அங்கே யாரும் இல்லாத ஐந்து நிமிடம் கிடைக்கும் என்று படியில் உட்கார்ந்தேன். கூலிமிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் வந்து சேர்ந்தது. குடும்பத் தலைவர் பிள்ளைகளுக்கு ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பிய கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் என்னைப் பார்த்து, "சரிதானே அங்கிள்?" என்றார். ஆசிரியனாக இருந்தவனிடம் இப்படிக் கேட்கலாமா? அரைமணி நேரம் நானே பாடம் நடத்தினேன்.

நம்மவர்கள் இங்கே வந்தால் ராஜேந்திரனோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்குக் குறை. படையெடுத்தவனை விட, வந்து தங்கி வியாபாரம் செய்தவர்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கை உண்டாக்கினார்கள். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. அவன் ஒருமுறை அடித்ததைக் கொண்டாடுகிறவர்கள், 2013இல் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய கோயில் மேடை ஒன்று வீட்டு மனைக்காக இடிக்கப்பட்டபோது எங்கே இருந்தோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதையும் அந்தப் பாடத்தில் சேர்த்தேன். கடைசிப் பையன் மட்டும், "அங்கிள், ராஜேந்திர சோழனும் சைக்கிள்லயா வந்தாரு?" என்று கேட்டான். அவனுக்கு நான் கைலியில் நின்றதே போதுமான சான்று.

சிங்கிர் அருகே டயர் போனது. ஜப்பானியர் பாணியில் ரிம்மில் ஓட்டலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பாக்சிக் தன் ஹைலக்ஸை நிறுத்திவிட்டார். கேட்கவேயில்லை. சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டு, என்னை முன்னால் ஏற்றி, கடை வரும்வரை தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். பஞ்சர் ஒட்டுகிறவர் என் சைக்கிளின் விலையைக் கேட்டார். மருமகன் சொல்லியிருந்த தொகையைச் சொன்னேன். அவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தன் அண்ணனைக் கூட்டிவந்தார். அந்த விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று இருவரும் எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

தஞ்சோங் டாவாய்க்கு வழி கேட்க வேண்டியதில்லை. வாசனையே கூட்டிப்போகும். கூனியை அரைத்து வெயிலில் காயவைத்த பெலாச்சான், நெத்திலி, கருவாடு, ஊறவைத்த பெக்காசாம் மீன், ஆற்றங்கரை நெடுகக் கடைகள். மருமகனின் ஆரஞ்சுத் தோப்பு இப்படி மணக்குமா என்று கேட்டால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஆனால் வீட்டில் சம்பல் இடிக்கிற யாரும் என் கட்சிதான். கடைக்கார மாக்சிக் நெத்திலியை நிறுத்துக்கொண்டே, "சொராங் காஹ்? பினி மானா?" என்றார். தனியாகவா, பெண்சாதி எங்கே? அந்த நிமிடம் பெண்சாதியே போனில் வந்தார்.

"எங்க இருக்கீங்க? உங்க படம் மூணு குரூப்ல வந்துருச்சு. பீடோங் கடையில தலையில கைவச்சு உக்காந்திருக்கீங்க."

"ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டிருந்தேன்."

"'நம்ம சார் நிலைமையைப் பாருங்க, உதவ முடிஞ்சவங்க உதவலாம்'னு கீழ எழுதியிருக்கு. ஒருத்தர் அரிசி மூட்டையே கொண்டாந்து இறக்கிட்டாரு. நான் என்ன சொல்ல?"

திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். கொண்டுவந்தவர் மனம் நோகும் என்றார். அந்த அரிசி இன்னும் எங்கள் வீட்டில்தான் வேகிறது, நல்ல அரிசி.

எதிர்க்கரை பந்தாய் மெர்டேக்கா. சாலையில் சுற்றிப் போனால் வந்த வழியே சுங்கைப் பட்டாணி போய்த் திரும்ப வேண்டும். ஆற்றைப் படகில் கடந்தால் சில நிமிடம்தான். படகுக்காரர் சைக்கிளைக் குறுக்கே படுக்கப்போட்டார். அதன்பின் சைக்கிள் என்னுடையது அல்ல. ஒருவர் முன்சக்கரத்தைப் பிடித்தார், ஒரு பையன் கியரை மாற்றிப் பார்த்தான், மீன்கூடையோடு வந்த அம்மா இருக்கையை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஏறும்போது என்னைத் தெரியாதவர்கள் இறங்கும்போது என் பென்சன் எவ்வளவு என்று தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

அக்கரையிலிருந்து கோத்தா கோலா மூடா வழியாகத் திரும்பினேன். 2004 டிசம்பர் 26 சுனாமி கெடாவில் கடுமையாகத் தாக்கிய இடங்களில் ஒன்று. நாடு முழுக்க 68 பேர் போனார்கள், இந்தக் கரையிலும் உயிர்கள் போயின. அலை உடைத்த மீன்பிடிப் படகுகளை நினைவிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன்னால் நின்றவர்கள் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பினாங்கு எல்லையில், பாசார் பிசிக் என்ற மீன்சந்தை இருக்கிறது. ஏலத்தில் கூவல் கிடையாது, வாங்குகிறவர் விலையை விற்கிறவரின் காதில் முணுமுணுத்துவிட்டு நகர வேண்டும். இத்தனை அடக்கமான சந்தை அக்கரையில் இருக்க, எனக்கு வாய்த்த ஊர்கள் எல்லாம் இக்கரையில்.

மாலையில் மருமகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, மயோர்க்காவில் மூன்றாவது நாள் சங்கிலி அறுந்து மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் நின்றபோது கடந்துபோன ஒரு கார்கூட நிற்கவில்லை என்பதை முதல் முறையாகச் சொன்னான். சொர்க்கத்தைப் பற்றிய அறிக்கையில் அது விடுபட்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரியில் போங்கள், இலை அப்போதுதான். மெர்போக்கிலிருந்து தஞ்சோங் டாவாய் வரை சாலை பெரும்பாலும் சமதளம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நெத்திலியை இரண்டு பையில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூனைகள் வழிவிடுவதற்குப் பதிலாகக் கூடவே வரும். காரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலையில் கைலி கட்டிய ஒருவர் சைக்கிளில் போவதைப் பார்த்தால் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். சக்கரம் கழன்று கையில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். மற்றபடி அவருக்கு வீட்டில் சோறு இருக்கிறது, கார் ஓடுகிறது, மனைவி நன்றாகத்தான் இருக்கிறார்.